காபிக்கொட்டையும் குண்டூசியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் ப்ராஜெக்ட். ஏதாவது ஒரு புரட்சியைப் பற்றி சார்ட் பேப்பரில் எழுதி, படம் ஒட்டி, திங்கட்கிழமை கொடுக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டுப் பையன் பிரெஞ்சுப் புரட்சியை எடுத்துவிட்டான் என்பதற்காக இவள் அமெரிக்கப் புரட்சியை எடுத்துக்கொண்டாள். 1773 பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியது, 1775 சண்டை ஆரம்பம், 1776 சுதந்திரப் பிரகடனம், 1781 யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரண், 1783 சமாதான உடன்படிக்கை. ஐந்து பெட்டி, ஐந்து அம்புக்குறி. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு போட்டுக்கொண்டே கேட்டாள்: "அப்பா, எட்டு வருஷம் சண்டை நடந்துருக்கே, அதுவரைக்கும் இவங்கல்லாம் என்ன சாப்பிட்டாங்க? கடையெல்லாம் திறந்துருந்துதா?"

எனக்குத் தெரியவில்லை. "நல்ல கேள்வி" என்று சொல்லி நழுவினேன். (அப்பாக்களின் பொது பதில் இதுதான். அப்பாக்கள் சங்கத்தில் தீர்மானமே போட்டிருக்கிறார்கள் :-))

ஆனால் கேள்வி போகவில்லை. அன்றிரவே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். ஒரு மாதமாக, ஆபீஸ் முடிந்து வந்து தினமும் அரை மணி, ஒரு மணி நேரம் இதே வேலை. படித்தது அந்தக் காலத்து மனிதர்கள் எழுதிய கடிதங்கள், ஒரு சிப்பாயின் நினைவுக்குறிப்பு, பழைய பத்திரிகை விளம்பரங்கள். எல்லாம் காசு கொடுக்காமல் இணையத்திலேயே கிடைக்கின்றன. மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் ஆடம்ஸ் குடும்பத்துக் கடிதங்களை மூலத்தின் படத்தோடு போட்டிருக்கிறது. கையெழுத்து புரியாதவர்களுக்கு எதிரிலேயே அச்சுப் பிரதி. இந்த ஒரு மாதப் படிப்பில் எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் முதலில் கதை.

ஜான் ஆடம்ஸ் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஆனவர். அவர் மனைவி அபிகேல். வீடு பாஸ்டனுக்குத் தெற்கே பிரெயின்ட்ரீ என்ற ஊரில். 1774லிருந்து அவர் பெரும்பாலும் பிலடெல்ஃபியாவில், காங்கிரஸ் வேலையாக. அந்தம்மா நான்கு குழந்தைகளோடு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கூலியாள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டு ஊரில். நடுவில் முந்நூறு மைல். குதிரையில் கடிதம் போய்ச் சேர ஒன்றிரண்டு வாரம். புருஷன் வெளியூரில், பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். நம் வீடுகளில் இந்தக் கதை தெரியாதவர் உண்டா?

இருவரும் எழுதிக்கொண்டதில் 1,100க்கும் மேற்பட்ட கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. 1776 மார்ச் 31 தேதியிட்ட கடிதம் ஒன்று மிகப் பிரசித்தம். புதுச் சட்டம் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று அவர் கணவருக்கு எழுதியது. மேற்கோள் புத்தகங்களில் எல்லாம் அந்த ஒரு வரிதான் இருக்கும். முழுக் கடிதத்தையும் படித்தபோதுதான் தெரிந்தது, அதே கடிதத்தில் பாஸ்டனில் இருக்கும் தங்கள் வீட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் படையின் மருத்துவர் ஒருவர் அதில் குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறார். வீடு ஒரே அழுக்காம், ஆனால் வேறு சேதமில்லையாம். வாடகைக்கு விட்ட வீட்டை ஆள் காலிசெய்த பிறகு போய்ப் பார்த்தவர்களுக்கு இந்த ஆறுதல் மூச்சு புரியும். வெடியுப்பு தயாரிக்கச் சொல்லியிருந்தார்களே, அதற்கு இன்னும் நேரமில்லை, குடும்பத்துக்குத் துணி நெய்து தைப்பதற்கே பொழுது சரியாயிருக்கிறது என்கிற புலம்பலும் அதே கடிதத்தில்தான்.

குண்டூசி விஷயம் இதைவிட எனக்குப் பிடித்தது. 1775 ஜூன் நடுவில் எழுதிய கடிதத்தில் அபிகேல், வரும்போது மறக்காமல் ஒரு பொட்டலம் குண்டூசி வாங்கி வாருங்கள் என்று கேட்கிறார். குண்டூசிக்கு அவ்வளவு தட்டுப்பாடு. 7 ஷில்லிங் 6 பென்ஸுக்கு வாங்கியது இப்போது 20 ஷில்லிங் கொடுத்தாலும் கிடைப்பதில்லையாம். அந்தக் காலத்துப் பெண்கள் உடையே பாதி குண்டூசியில்தான் நிற்கும். அது பிரிட்டனிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு. சாமான் பகிஷ்காரம், துறைமுகம் மூடல் என்றெல்லாம் நாம் படிக்கிறோமே, அது ஒரு வீட்டுக்குள் வந்து சேரும்போது குண்டூசியாக வந்து சேர்கிறது. கடிதம் எழுதி ஓரிரு நாளில், ஜூன் 17ஆம் தேதி, பங்கர் ஹில் சண்டை. பீரங்கிச் சத்தம் கேட்டு, ஏழு வயது மகனைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் குன்றில் ஏறி நின்று, சார்ல்ஸ்டவுன் எரிவதைப் பார்த்திருக்கிறார். அந்தப் பையன் பின்னாளில் ஆறாவது ஜனாதிபதி ஆன ஜான் குவின்சி ஆடம்ஸ். நம் பாடப்புத்தகத்தில் ஜூன் 17 இருக்கும். குண்டூசி இருக்காது.

இப்போது 1776 ஜூலை. ஜூலை 4 பிலடெல்ஃபியாவில் பிரகடனம், நமக்கெல்லாம் தெரியும். அபிகேல் எங்கே? ஜூலை 12ஆம் தேதி நான்கு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு பாஸ்டனில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார், அம்மை குத்திக்கொள்ள. அப்போது ஜென்னரின் தடுப்பூசி வரவில்லை. அதற்கு இன்னும் 20 வருஷம் இருந்தது. அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்துக் கையில் கீறி, லேசாக அம்மை வரவழைக்கிற பழைய முறை. லேசாகவே வரும் என்று உத்தரவாதம் கிடையாது, உயிர் போனதும் உண்டு. ஒரு மகனுக்கு மூன்று முறை குத்தியும் எடுபடாமல் கடைசியில் கடுமையாகவே அம்மை போட்டது. பாலுக்குக் கஷ்டப்படக்கூடாது என்று ஊரிலிருந்து சொந்தப் பசுமாட்டையும் வைக்கோலையும் கொண்டுபோயிருக்கிறார்! இதற்கு நடுவே ஜூலை 18 அன்று கூட்டத்தோடு போய் நின்று, அரசு மாளிகையின் பால்கனியிலிருந்து பிரகடனத்தை வாசித்ததைக் கேட்டிருக்கிறார். காதில் சுதந்திரம், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். கடிதத்தில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன.

சரி, காபிக்கு வருவோம்.

1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டனில் கடலில் கொட்டிய 342 பெட்டித் தேயிலையும் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. நம்மை ஆண்ட அதே கம்பெனி. அந்தத் தேயிலை சீனாவில் விளைந்தது என்றாலும், அமெரிக்கர்களின் கோபத்தில் இந்தியாவும் இருந்தது. 1770 வங்காளப் பஞ்சத்தில் இந்தக் கம்பெனி தானியத்தைப் பதுக்கி ஜனங்களைச் சாகவிட்டது, நாளைக்கு நமக்கும் இதைத்தான் செய்யும் என்று 1773ல் ஜான் டிக்கின்சன் என்பவர் துண்டுப்பிரசுரம் எழுதியிருக்கிறார். அதன் பிறகு தேயிலை குடிப்பதே தேசத் துரோகம் மாதிரி ஆகிவிட்டது. 1774 ஜூலையில் ஜான் ஆடம்ஸ் நெடும்பயணம் முடித்துக் களைத்துப்போய் ஒரு விடுதியில் இறங்கி, வரி கட்டாமல் கடத்தி வந்த தேயிலையாக இருந்தால் ஒரு கோப்பை கிடைக்குமா என்று விளையாட்டாகக் கேட்கிறார். விடுதிக்காரம்மா, இங்கே நாங்கள் தேயிலையை விட்டுவிட்டோம், வேண்டுமானால் காபி போட்டுத் தருகிறேன் என்கிறார். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் காபிதான், பழகிக்கொண்டுவிட்டேன் என்று மனைவிக்கு எழுதுகிறார். நம்மாட்களுக்கு இதெல்லாம் ஒரு தியாகமா என்று தோன்றும். கும்பகோணம் டிகிரி காபி குடித்தவர்கள் அப்படித்தான் சொல்லுவோம். ஆனால் அவருக்கு அது தியாகம்தான்.

மூன்று வருஷம் கழித்து அந்தக் காபியும் கிடைக்கவில்லை. 1777 ஜூலை கடைசியில் அபிகேல் எழுதுகிறார். பாஸ்டனில் ஒரு பணக்கார வியாபாரி, கல்யாணமாகாதவர், மகா கஞ்சர், கிடங்கில் ஒரு பெரிய பீப்பாய் காபிக்கொட்டை வைத்துக்கொண்டு ராத்தல் 6 ஷில்லிங்குக்குக் குறைந்து தரமாட்டேன் என்றாராம். சுமார் நூறு பெண்கள், அதற்கு மேலும் இருந்ததாகச் சிலர் சொல்கிறார்களாம், வண்டியோடு கிடங்குக்குப் போய்ச் சாவியைக் கேட்டிருக்கிறார்கள். அவர் மறுத்தார். ஒரு பெண்மணி அவர் கழுத்தைப் பிடித்து வண்டிக்குள் தள்ளினார். வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தார். வண்டியைச் சாய்த்து அவரைக் கீழே கொட்டிவிட்டு, கிடங்கைத் திறந்து காபியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆண்கள் பெரிய கூட்டமாக நின்று வாயைத் திறக்காமல் வேடிக்கை பார்த்தார்களாம்.

படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். மனைவி என்ன என்று எட்டிப் பார்த்தாள். சொன்னேன். "நியாயம்தானே?" என்றாள்.

பிறகுதான் அதற்கு முந்தைய கடிதங்களைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. அந்த ஜூலையில் அபிகேல் நிறைமாதக் கர்ப்பிணி. கணவர் பிலடெல்ஃபியாவில். 9ஆம் தேதிக் கடிதத்தில், குழந்தை உயிரோடு இல்லையோ என்று பயமாக இருக்கிறது என்கிறார். அடுத்த நாள் வலி எடுத்த பிறகும் எழுதியிருக்கிறார், வலி வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு. 11ஆம் தேதி பெண் குழந்தை, இறந்தே பிறந்தது. எலிசபெத் என்று பெயர் வைத்தார்கள். இது எதுவும் தெரியாமல் பிலடெல்ஃபியாவிலிருந்து பிரசவம் நல்லபடி முடிந்ததா என்று கேட்டு அவர் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார். செய்தி அவருக்குப் போய்ச் சேர ஜூலை கடைசி ஆகிவிட்டது. அதாவது அந்தக் காபிக் கலவரத்தை இவ்வளவு ரசமாக எழுதும் பெண்மணி குழந்தையைப் புதைத்து மூன்று வாரம்கூட ஆகாதவர். ஏன் எழுதினார்? தூரத்தில் உட்கார்ந்து துக்கப்பட்டுக்கொண்டிருக்கும் மனிதரைக் கொஞ்சம் சிரிக்கவைக்கவா? தானே சிரிக்க வேண்டியிருந்ததா? எனக்கு இரண்டும்தான் என்று தோன்றுகிறது. ஆனால் அந்த இரண்டு கடிதத்தையும் சேர்த்துப் படிக்காதவருக்கு அந்தக் கேள்வியே வராது.

பெண்ணின் கேள்விக்கு நேரடிப் பதில் சொல்ல ஒரு சிப்பாயும் கிடைத்தார். ஜோசஃப் பிளம்ப் மார்ட்டின், 15 வயதில் 1776ல் படையில் சேர்ந்தவர். 1777 டிசம்பரில் காங்கிரஸ் நன்றித் திருநாள் கொண்டாடச் சொல்லி உத்தரவு போட்டது. அன்று படைக்குக் கொடுத்த விருந்து தலைக்கு அரை கில் அரிசியும் ஒரு கரண்டி வினிகரும். அரை கில் என்பது நம் அரை ஆழாக்குக்கும் குறைவு. 1779-80 குளிர்காலத்தில் மரப்பட்டையைத் தின்றதையும், சிலர் பழைய செருப்பைச் சுட்டுத் தின்றதையும் எழுதியிருக்கிறார். ஆனால் இவர் எழுதி வெளியிட்டது 1830ல், கிட்டத்தட்ட 70 வயதில். ஐம்பது வருஷத்துப் பசி ஞாபகத்தில் கொஞ்சம் கூடியோ குறைந்தோ இருக்கலாம். கிழவர் நகைச்சுவைக்காரர் வேறு. அபிகேலின் கடிதம் அன்றன்றைக்கு எழுதியது, இவருடையது திரும்பிப் பார்த்து எழுதியது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

காகிதப் பணம் கெட்ட கதையும் இருக்கிறது. 1780 மார்ச்சில் காங்கிரஸே தன் 40 டாலர் நோட்டு ஒரு வெள்ளி டாலருக்குச் சமம் என்று ஒத்துக்கொண்டது. அந்த வருஷம் அக்டோபரில் அபிகேல் அனுப்பிய விலைப்பட்டியலில் வெண்ணெய் ராத்தல் 12 டாலர். ஐரோப்பாவுக்குத் தூது போயிருந்த கணவரைக் கைக்குட்டை, ரிப்பன் போன்ற சில்லறைச் சாமான் அனுப்பச் சொல்லி, அதை விற்றுக் குடும்பத்தை ஓட்டினார் அந்தம்மா. (துபாயிலிருந்து வரும் மாமா பெட்டியில் சென்ட் பாட்டில் இருக்குமே, அதே சமாசாரம்.)

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். கடிதம் எழுதத் தெரிந்தவர், அதைப் பத்திரமாக வைக்க வீடு இருந்தவர், இவர்கள் குரல்தான் நமக்குக் கேட்கிறது. எழுத விடாமல் வைக்கப்பட்டவர்கள்? அவர்களைத் தேடினால் பெரும்பாலும் எஜமானர்களின் காகிதத்தில்தான் அகப்படுகிறார்கள். 1769 செப்டம்பரில் 'வர்ஜீனியா கெஜட்' பத்திரிகையில் ஒரு விளம்பரம். சாண்டி என்ற அடிமை ஓடிவிட்டான், வயது சுமார் 35, செருப்புத் தைப்பவன், இடது கைப் பழக்கம், கொஞ்சம் தச்சு வேலையும் தெரியும், குதிரை ஓட்டுவதில் கெட்டிக்காரன், ஒரு வெள்ளைக் குதிரையோடும் தன் தொழில் கருவிகளோடும் போயிருக்கிறான், பிடித்துக் கொடுப்பவர்களுக்குப் பரிசு. விளம்பரம் கொடுத்தவர் தாமஸ் ஜெஃபர்சன். ஏழு வருஷம் கழித்து எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று பிரகடனம் எழுதிய அதே ஜெஃபர்சன். சாண்டி பிடிபட்டு, 1773ல் 100 பவுனுக்கு விற்கப்பட்டார். ஓடும்போதும் அவர் செருப்புத் தைக்கும் கருவிகளை எடுத்துக்கொண்டு போனார் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். போகிற இடத்தில் உழைத்துப் பிழைக்கத் திட்டம் இருந்திருக்கிறது. அவரைக் காட்டிக்கொடுக்க எழுதிய நாலு வரியில் அவருடைய திட்டமும் தப்பித்தவறி அகப்பட்டுக்கொண்டது.

ஆக, என் அபிப்பிராயம் இதுதான். பிள்ளைகளுக்கு வரலாற்றைத் தலைகீழாகச் சொல்லித் தருகிறோம். முதலில் தேதி, தலைவர், போர், உடன்படிக்கை. நேரம் மிஞ்சினால், "மக்கள் வாழ்க்கை" என்று பெட்டிச் செய்தி. முதலில் அந்தக் குண்டூசிக் கடிதத்தைக் கொடுங்கள். ஏன் குண்டூசி கிடைக்கவில்லை என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியிலிருந்தே வரி, பகிஷ்காரம், துறைமுக மூடல், கம்பெனி என்று எல்லாவற்றுக்கும் போய்விடலாம். தேதி தானாக மண்டையில் நிற்கும்.

ஆபீஸில் கூடச் சாப்பிடும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "சார், இதெல்லாம் அடுப்பங்கரை வம்பு. அரசியல் தெரியாம காபி விலையை வச்சு என்ன பண்றது?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு குடும்பத்துக் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு நாடே இப்படித்தான் இருந்தது என்றால் தப்பு. பிரிட்டிஷ் பக்கம் நின்றவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. ஆனால் அடுப்பங்கரையில் அரசியல் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த நூறு பெண்கள் வண்டியோடு போனது அரசியல் இல்லையென்றால் வேறென்ன?

நம்மிடமும் இப்படி எழுதியவர்கள் இருந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736லிருந்து 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். நான் மேலே சொன்ன இதே அமெரிக்கச் சண்டையில் பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்ததால்தான் 1778ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். அந்த வருஷத்திலிருந்து 1792 வரை புதுச்சேரியில் காவல் பொறுப்பிலிருந்த இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பும் இருக்கிறது. பாஸ்டனில் ஆரம்பித்த நெருப்பு புதுச்சேரித் தெருவரை வந்திருக்கிறது. சார்ட் பேப்பரில் அதற்கு அம்புக்குறி இல்லை.

இப்போது என் வண்டவாளம். அப்பா பிலாயில் வேலை பார்த்தபோது அம்மா மாயவரத்தில் தாத்தா பாட்டியோடு இருந்தாள். வாரம் ஒரு இன்லேண்ட் லெட்டர். எல்லாவற்றையும் அப்பா ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அப்பா போன பிறகு, பன்னிரண்டு வருஷம் முன்பு, ஊர் வீட்டைக் காலி செய்தோம். அம்மா போனில் கேட்டாள்: "பெட்டில பழைய லெட்டர்லாம் கெடக்குடா, என்ன பண்ண?" நான் ஏதோ மீட்டிங் அவசரத்தில், "பேப்பர்காரன்கிட்ட போட்டுடும்மா" என்றேன். போட்டுவிட்டாள். எடை போட்டு எடுத்துக்கொண்டு போனான். 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்த பெரும்புயலைப் பற்றி அம்மா அப்பாவுக்கு எழுதிய கடிதம் அதில் இருந்தது. அதை அப்பா எப்போதோ ஒரு தடவை எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். வீட்டுக் கொல்லையில் விழுந்த மரம், கீற்று விலை ஏறியது, அக்கா பயந்து அழுதது என்று ஏதேதோ இருந்தது. அப்போது அரைக் காதோடு கேட்டேன். ஒன்றும் சரியாக நினைவில்லை.

அபிகேல்கூட கடிதங்களை எரித்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜான் கேட்கவில்லை. தன் கடிதங்களை நகலெடுத்து வைக்கவே தனி நோட்டு வாங்கினார். அப்பா ஜான் ஆடம்ஸ் மாதிரி வைத்திருந்தார், நான் தூக்கிப் போட்டேன். என் அவசரத்துக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

வெளியூரில் இருக்கும் நம் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தது. சிலர் வீட்டில் இன்னும் பரண்மேல் இருக்கலாம். பால் கணக்கு நோட்டு, மளிகைச் சிட்டை, மணியார்டர் ரசீது, அதன் அடியில் எழுதிய இரண்டு வரி எல்லாமே இதில் சேர்த்தி. ஊருக்குப் போகும்போது தயவுசெய்து ஒரு தடவை எட்டிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்புவது போன் மாற்றும்போது போய்விடும். அது வேறு கவலை, அதற்குள் இப்போது போகவில்லை.

போன ஞாயிறு பெண்ணை அம்மாவிடம் போனில் பேசச் சொன்னேன். "பாட்டி, 1977 புயல்ல கீத்து என்ன விலை வித்துது?" என்று கேட்டாள். அம்மா உடனே ஒரு விலை சொன்னாள். பக்கத்தில் பெரியம்மா இருந்திருக்கிறார் போல. "ஏண்டி, அது புயலுக்கு முந்தின விலை. அப்புறம் ரெட்டிப்பால்ல போச்சு?" என்று குரல் கேட்டது. இரண்டு பேரும் பத்து நிமிஷம் சண்டை. பெண் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துகொண்டு, எதை எழுதுவது என்று என்னைப் பார்த்தாள்.

இரண்டையும் எழுதிக்கொள், யார் சொன்னது என்றும், இன்றைய தேதியும் போட்டுக்கொள் என்றேன்.